மலையேறிப் போன சனம்

(கருமத்தம்பட்டியில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தெற்கு ஸ்பெயினில் இருக்கிற பழைய மலைக் கிராமங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். இந்த ஊர் இந்தத் தலைப்பைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2019-ல் பார்சிலோனாவில் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடந்தபோது கோயமுத்தூர், திருப்பூர் பக்கமிருந்து போய் வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. போன கையோடு தெற்கே கிரானடா வரைக்கும் ஒரு எட்டு போய், மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று அடுக்கி வைத்த வீடுகளுக்கு முன்னால் நின்று படம் பிடித்து வந்தவர்களும் உண்டு. அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றித்தான் இன்றைக்குத் தலைப்பாக வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினுக்குக் கூட்டிப் போகிறேன், கவலைப்படாதீங்க. ஆனால் நேராகப் போகப் போவதில்லை. காங்கேயம், தாராபுரம், பழனி வழியாகப் போகிறோம். அந்த ஊர்ப் படங்களை வாயைப் பிளந்து பார்க்கிற நாம், நம்முடைய பங்காளிகளே கட்டிவைத்த மலைக் கிராமம் ஒன்றைச் சரியாகப் பார்த்தபாடில்லை. கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைச் சுற்றி, குதிரை ஏறி, தூண்பாறையில் மூடுபனியைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேற்கே இருக்கிற பூம்பாறைக்குப் போகிறவர்களும் மேலே சாலை வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே தெரிகிற ஊரைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியர் வெளிவந்தது. கொடைக்கானலும் பூம்பாறையும் இருக்கிற பழனிமலை அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. மேல்மலையில் வெள்ளாமை செய்கிற குன்னுவர்கள் தங்கள் பூர்வீகத்தைப் பற்றிச் சொன்ன செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் தாராபுரம், காங்கேயம் சீமையிலிருந்து நாலைந்து நூறு வருஷத்துக்கு முன்னால் மலையேறி வந்தவர்கள் என்கிறார்கள். ஏன் ஏறினீர்கள் என்றால், கீழ்நாட்டில் ஓயாத சண்டை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பஞ்சம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். வாய்வழிச் செய்திதான், அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நம்ம காங்கேயத்தின் பெயர் ஆறாயிரம் அடி உயரத்தில் பூண்டுக் காட்டுக்கு நடுவில் வாழ்கிறவர்களின் வாயில் வந்திருக்கிறது என்பது சும்மா விட்டுவிடக்கூடிய சங்கதி இல்லை.

சண்டையா பஞ்சமா என்று கேட்டால், அந்தச் சீமையை அறிந்தவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியாது. படை வந்து இறங்கினால் முதலில் போவது குதிரில் இருக்கிற கம்பும் சோளமும், அடுத்தது மாடு. மாடு போனால் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்க முடியாது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் காடு காயும். அந்த வருஷம் மழையும் பொய்த்துவிட்டால் பஞ்சம். சண்டையால் வந்தோம் என்று சொன்னால் கதைக்கு ஒரு மிடுக்கு இருக்கிறது. சோத்துக்கு வழியில்லாமல் வந்தோம் என்று சொல்லப் பேரனுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் இரண்டு விதமாகவும் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். பஞ்சத்தைச் சொன்னவர்கள் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

ஏறிப் போனவர்கள் எதை விட்டுவிட்டு எங்கே போனார்கள் என்று பாருங்கள். காங்கேயம் மேற்கு மலையின் மறைப்பில் கிடக்கிற மண். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுவில் நாலு வெள்வேல மரம், மேய்வதற்கு மாடு. தண்ணீரைத் தேடிப் பாறையை உடைத்து ஆழத்துக்கு இறங்குகிற பிழைப்பு. மேல்மலையில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தேடாமலே வரும். இரண்டு மழைக்காலத்திலும் வரும், ஓடையாக வரும், பனியாக வந்து இலையிலிருந்து சொட்டும். அங்கே இருக்கிற பயம் தண்ணீர் இல்லையே என்பது இல்லீங்க. ஓடுகிற தண்ணீர் காலடியில் இருக்கிற மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுமே என்பதுதான். சொட்டுத் தண்ணீரைக் காத்துப் பழகிய கை, பிடி மண்ணைக் காக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் படிப்பின் விளைவுதான் சாலை வளைவில் நின்று நாம் பார்க்கிற பூம்பாறை. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டரை ஒட்டிய உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற இடம். நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள்; இப்போது தகரமும் காங்கிரீட்டுமாக மாறிவிட்டன. சுற்றிலும் படிப்படியாக வயல்கள். வீடுகள் ஏன் அப்படித் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன என்று கேட்டால், குளிருக்கு அண்டை என்று ஒரு பதில் வரும். உழுகிற நிலத்தில் வீடு கட்டி அதை வீணாக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பதில். சமமான தரை என்று மலையில் எதுவும் கிடையாது. மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி, ஒரு குடும்பம் ஒரு தலைமுறை பாடுபட்டால் நாலு படி கிடைக்கும். அப்படி உண்டாக்கிய தரையில் எவனாவது வாசலும் தோட்டமுமாகப் பண்ணை வீடு கட்டுவானா? இப்போது கட்டுகிறார்கள். அவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை.

ஒரு காலத்தில் இந்தப் படிகளில் நெல் கூட விளைந்தது. குளிரில் கதிர் முற்றுவதற்குள் கீழ்நாட்டில் இரண்டு போகம் எடுத்துவிடலாம். அவ்வளவு நாள் பிடிக்கும். இன்றைக்கு உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. மலைக்கு மேலே காரம், கீழே இனிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் புகை மூட்டிப் பதப்படுத்துவார்கள். மாதக்கணக்கில் கெடாது. சந்தையில் கிடைக்கிற வெள்ளைப்பூண்டையும் அதையும் மூக்கே பிரித்துச் சொல்லிவிடும்.

ஊருக்கு நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். பழனி தண்டாயுதபாணி கோயிலின் நிர்வாகத்தைச் சேர்ந்தது. பழனியில் போலவே இங்கே இருக்கிற மூலவரையும் போகர் சித்தர்தான் செய்து வைத்தார் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது தேர். நம்ம பக்கத்துத் தேருக்கு வடம் முன்னால்தான் இருக்கும். அவினாசித் தேர் எவ்வளவு பெரியது, அதற்கும் முன்னால்தான். பூம்பாறைத் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவான தெருவில் தேர் ஓடுகிறது. முன்னால் ஒரு கூட்டம் இழுக்க, பின்னால் ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டே வர வேண்டும். சமவெளியிலிருந்து கொண்டுபோன வழக்கத்தை மலை எப்படித் திருத்திக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் நம் சனத்தின் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டால், பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். அந்த மலை காலியாகக் கிடக்கவில்லை. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் பழனிமலையின் கற்திட்டைகளை ஊர் ஊராக அலைந்து அளந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கமெல்லாம் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஈமச் சின்னங்கள். யாரோ எப்போதோ வாழ்ந்து செத்த மலை அது. பின்னாலும் பளியர்கள் இருந்தார்கள். புலையர் என்று ஏடுகள் குறிக்கிற மக்கள் இருந்தார்கள். குன்னுவர்கள் வருவதற்கு முன் மலை புலையர்களுடையதாக இருந்தது, வந்தவர்கள் அவர்களைப் பண்ணையாட்களாக ஆக்கிக்கொண்டார்கள் என்று அதே கெஜட்டியர் சொல்கிறது. பசித்து ஏறியவர்கள், ஏறின இடத்தில் இன்னொருவரின் பசிக்குக் காரணமானார்கள்.

கொறங்காட்டில் மாடு மேய்த்தவனுக்குச் சோலைக்குள் எந்தக் கிழங்கு தின்னத் தகும், எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்தப் பக்கம் யானை இறங்கும் என்றெல்லாம் யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள்? அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள்தானே காட்டியிருக்க முடியும்? ஏட்டில் அதற்குப் பதிவு கிடையாது. காட்டிக் கொடுத்தவர்களுக்கு ஊர் வரலாற்றில் இடமும் கிடையாது. இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போவோம்.

கிரானடா நகருக்குத் தெற்கே சியரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சி முலாசென், 3,479 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவை விட 800 மீட்டருக்கும் மேல் உயரம். வருஷத்தில் பாதி நாள் வெண்பனி மூடியிருக்கும். அந்த மலையின் தெற்குச் சரிவுக்குப் பெயர் அல்புஹாரா. பம்பனேய்ரா, புபியோன், காப்பிலேய்ரா என்று ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஊர்கள் தொங்குகின்றன. இன்னும் கிழக்கே போனால் த்ரெவேலெஸ். அந்தப் படங்களில் நீங்கள் பார்க்கிறவை பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்கள்தான்.

இந்த ஊர்களின் வீடுகள் ஐரோப்பாவில் இருக்கிற வீடுகள் மாதிரியே இருக்காது. ஓடு வேய்ந்த சாய்ந்த கூரை கிடையாது. தட்டையான மண் மொட்டைமாடி. உத்தரம் போட்டு, அதன்மேல் பலகையோ மூங்கில் மாதிரியான தட்டையோ பரப்பி, பலகைக்கல் அடுக்கி, அதற்கு மேலே லௌனா என்கிற சாம்பல் நிறக் களிமண்ணைக் கொட்டி மிதிக்கிறார்கள். அந்த மண் மழையில் நனைந்தால் இறுகித் தண்ணீரைக் கீழே விடாது. ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்தில் அடுத்தவர் வீட்டு வாசல் வரும். சந்துக்கு மேலே இந்த வீட்டையும் அந்த வீட்டையும் சேர்த்து ஒரு மேற்கூரை போட்டிருப்பார்கள்; வெயிலுக்கும் பனிக்கும் அதன் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். இதே கட்டுமானத்தைப் பார்க்க வேண்டுமானால் கடலைத் தாண்டி மொரோக்கோவின் அட்லஸ் மலைக்குப் போக வேண்டும். கட்டியவர்கள் அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், படம் எடுத்து வந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வெள்ளை அவ்வளவு பழையது இல்லை. ஜெரால்ட் பிரெனன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1920-ல் அல்புஹாராவில் யேகென் என்ற ஊரில் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களோடு போய்க் குடியேறினார். வர்ஜீனியா வுல்ஃப் 1923-ல் அங்கே வந்து அவரோடு தங்கியிருக்கிறார். பிரெனன் பின்னால் எழுதிய நூலில் அந்த ஊர் வீடுகள் சுண்ணாம்பு காணாத, சாம்பல் நிறப் பெட்டிகளாகத்தான் வருகின்றன. பார்க்க வருகிறவர்கள் வெள்ளையை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஊர்கள் இன்னும் வெள்ளையாகிக்கொண்டே போகின்றன.

சரி, அந்தச் சனம் ஏன் மலையேறியது? 1492 ஜனவரி 2-ஆம் தேதி கிரானடா வீழ்ந்தது. ஸ்பெயினில் எஞ்சியிருந்த கடைசி முஸ்லிம் அரசு அது. கடைசி சுல்தான் போவப்தில்லுக்கு வாழ்க்கைக்கு விட்டுக்கொடுத்த நிலம் இந்த அல்புஹாராவில்தான் இருந்தது. அவர் அடுத்த வருஷமே கடல் கடந்து மொரோக்கோவுக்குப் போய்விட்டார். போக முடியாத குடியானவர்கள் மலையில் தங்கினார்கள். நம் குன்னுவர்கள் காங்கேயத்தை விட்டு ஏறியதாகச் சொல்கிற காலமும் ஏறக்குறைய இதுதான். பார்க்கப் போனால் உலகத்தில் பல மலைகளில் அந்த நூற்றாண்டுகளில் யாரோ ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கொல்லிமலைக்காரர்களும் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

அல்புஹாரா மக்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் வாங்க வைத்தார்கள். மொரிஸ்கோ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அரபு பேசக் கூடாது, அந்த உடை உடுக்கக் கூடாது, பொதுக் குளியல் கூடங்கள் கூடாது என்று அடுக்கடுக்காகத் தடைகள். 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் மலை கிளர்ந்து எழுந்தது. அடக்குவதற்கு அரசர் இரண்டாம் பிலிப் அனுப்பி வைத்தது தன்னுடைய சொந்தத் தம்பியை, ஆஸ்திரியாவின் டான் ஹுவானை, தாய் வேறு. ஊர் ஊராக எரித்தார்கள். கலேரா என்ற ஊரை 1570-ல் தரைமட்டமாக்கினார்கள். கிரானடா நாட்டு மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமாக மலையிலிருந்து இறக்கி, வடக்கே காஸ்தீல் நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். கிட்டத்தட்ட 80,000 பேர். நடந்தே போனார்கள், குளிர்காலம், வழியிலே செத்தவர்கள் ஏராளம்.

இந்த டான் ஹுவானுக்கும் கருமத்தம்பட்டிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அல்புஹாராவை அடக்கிய கையோடு அவரை ஒரு பெரிய கப்பல் படைக்குத் தளபதியாக்கினார்கள். 1571 அக்டோபர் 7-ஆம் தேதி கிரேக்கக் கரைக்கு அப்பால் லெப்பாந்தோ கடலில் அந்தப் படை துருக்கியரை வென்றது. வெற்றி ஜெபமாலையால் வந்தது என்றார் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர். 1573-ல் அடுத்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி அந்த வெற்றியின் நினைவாக அக்டோபர் முதல் ஞாயிறை ஜெபமாலை அன்னையின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் திருநாள் கப்பலேறி, மிஷனரிகளோடு நடந்து, 17-ஆம் நூற்றாண்டில் நம்ம கொங்கு நாட்டுக்கு வந்தது. இந்த ஊர் ஜெபமாலை அன்னை கோயிலில் அக்டோபரில் தேர் எடுக்கிறோமே, அந்த அக்டோபர் அங்கிருந்து வந்ததுதான். சாதி மதம் பார்க்காமல் சுற்று வட்டாரமே வந்து நிற்கிற தேருக்கு நான் குறை சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுப் பெண்களும் அந்தத் தேருக்கு மெழுகுவத்தி ஏற்றியவர்கள்தான். ஒரே ஆளின் கை ஒரு மலையைக் காலி செய்தது, மறு வருஷம் கடலில் வென்றது. அதில் இரண்டாவது மட்டும் நம் வரைக்கும் வந்து சேர்ந்தது. முதலாவதைப் பார்க்க வேண்டுமானால் அல்புஹாராவுக்குத்தான் போக வேண்டும்.

அதே லெப்பாந்தோவில் சிப்பாயாகச் சண்டை போட்டு இடது கையைச் சிதைத்துக்கொண்டவர் செர்வாந்தெஸ். அவருடைய டான் குவிக்ஸாட்டின் இரண்டாம் பாகம் 1615-ல் வந்தது. மொரிஸ்கோக்கள் எல்லாரையும் ஸ்பெயினை விட்டே துரத்தும் வேலையை 1609-ல் தொடங்கி அப்போதுதான் முடித்திருந்தார்கள். அந்தப் பாகத்தில் ரிக்கோத்தே என்று ஒருவர் வருகிறார். குவிக்ஸாட்டின் பணியாள் சாஞ்சோவின் பக்கத்து ஊட்டுக்காரர், மளிகைக் கடை வைத்திருந்தவர், மொரிஸ்கோ. நாடு கடத்தப்பட்டவர் மாறுவேடத்தில் திரும்பி வந்து, சாஞ்சோவோடு மரத்தடியில் உட்கார்ந்து தின்று குடித்துவிட்டு, சொந்த ஊரை நினைத்து அழுகிறார். வென்ற படையில் இருந்தவன் எழுதியது என்பதால் அதை நான் இரண்டு முறை படிப்பேன்.

மலை காலியான பிறகு கலீசியா, லெயோன், அஸ்தூரியாஸ் என்று வடக்கிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் மழை நாட்டுக்காரர்கள். படிவயல் தெரியாது, வாய்க்கால் தெரியாது. அதனால் ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை மட்டும் துரத்தாமல் வைத்துக்கொண்டார்கள், தண்ணீர் பாய்ச்சக் கற்றுத் தருவதற்காக, என்று அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள். முன்பு கேட்டேனே, வந்தவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று? அல்புஹாராவில் அதற்கு ஒரு கதையாவது மிஞ்சியிருக்கிறது.

அந்தத் தண்ணீர் வித்தையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நொய்யல், கௌசிகா ஆறுகளை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நமக்கு அது வேண்டும். சியரா நெவாடாவில் வெயில் காலத்தில் மழை இல்லை. பனி உருகுவதோ வசந்தத்தில், ஒரேயடியாக. அப்படியே விட்டால் ஆறாகக் கடலுக்குப் போய்விடும். அணை கட்டாமலே அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலையின் விலாவைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் மண் வாய்க்கால்கள் வெட்டினார்கள். அந்த வாய்க்கால் எந்த வயலுக்கும் போகாது. பாறை வெடித்து மண் பொத்தலாக இருக்கிற இடம் எது என்று பார்த்து வைத்திருப்பார்கள். அங்கே கொண்டுபோய்த் தண்ணீரை நிலத்துக்குள் விட்டுவிடுவார்கள். குடித்த தண்ணீர் மலையின் வயிற்றுக்குள் மெள்ள மெள்ள இறங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்து, நடுக்கோடையில், கீழே ஊருக்குப் பக்கத்தில் ஊற்றாக வெளிவரும். வாய்க்காலில் கசிவு இருந்தால் நாம் சிமென்ட் பூசுவோம். அங்கே கசிவதுதான் வாய்க்காலின் வேலை. இடையில் சனம் பட்டணத்துக்கும் கடற்கரைக்கும் போய்விட, வாய்க்கால்கள் தூர்ந்தன; ஊற்றுகள் நின்றன. 2014 முதல் கிரானடா பல்கலைக்கழகத்து ஆட்கள் ஊர்க்காரர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியும் கையுமாக அவற்றைத் திரும்பத் தூர்வாரி வருகிறார்கள்.

பழனிமலையில் இந்த வேலையை யாரும் வெட்டிச் செய்ய வேண்டியிருக்கவில்லை. சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும் அதையே செய்துகொண்டிருந்தன. புல்லின் வேர் மழையைப் பிடித்து வைத்து, பள்ளத்துச் சோலை வழியாகக் கோடை வரைக்கும் கசிய விடும். அப்படிக் கசிந்து வடசரிவில் இறங்குகிற ஓடைகள்தான் குதிரையாறு, ஷண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு என்று பெயர் வாங்கிக்கொண்டு அமராவதியில் சேர்கின்றன. அமராவதி தாராபுரம் வழியாகப் போகிறது. ஏறிப் போனவர்களின் காலடி மழை, போகாமல் தங்கியவர்களின் கிணற்றுக்குத்தான் வருகிறது.

அந்தப் புல்வெளியை வெறும் புல்தானே என்று நினைத்து, வெள்ளைக்காரன் காலத்தில் கொஞ்சமும் சுதந்திரத்துக்குப் பிறகு நிறையவும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். பட்டை தோல் பதனிட. கட்டை செயற்கைப் பட்டு நூலுக்கு. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை மலைத்தோட்டத்து மரங்களை அரைத்துத்தான் நூல் இழுத்தது. அந்த நூல் இந்த ஊர்த் தறிகளிலும் ஓடியிருக்கலாம். ஆகவே யாரோ செய்தார்கள் என்று நாம் கை கழுவ முடியாது. தாகம் பிடித்த அந்த மரங்கள் புல்வெளியை மூடின. பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் 1985-லேயே எழுந்து குரல் கொடுத்தது. வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இங்கிலாந்துத் தம்பதி சோலை மரங்களின் நாற்றுப் பண்ணை வைத்துப் பல வருஷம் உழைத்தார்கள். இருவருமே 2021-ல் காலமானார்கள். வாட்டில் நிழலுக்கு அடியிலேயே சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து வருவதைக் கவனித்துச் சொன்னவர்கள் அவர்கள். அதனால் கோடரியைத் தூக்கிக்கொண்டு எல்லா அந்நிய மரத்தையும் வெட்டுங்கள் என்று சொல்ல முடியாது. புல்வெளி மிஞ்சியிருக்கிற இடத்தில் வாட்டிலைப் பிடுங்க வேண்டும், சோலை எழும்பிக்கொண்டிருக்கிற இடத்தில் விட்டுவிட வேண்டும். நிதானம் கேட்கிற வேலை அது.

மலையூரைப் பார்க்கப் போகிறவன் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் பார்க்கவில்லை என்பதுதான் நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்தது. தண்ணீர் எங்கே பிடிபடுகிறது, மண் எப்படி நிற்கிறது, இவர்கள் எதற்குப் பயந்து வந்தார்கள், வந்தபோது யார் இருந்தார்கள் என்ற நாலையும் கேட்டுவிட்டால், பூம்பாறையானாலும் காப்பிலேய்ராவானாலும் ஊர் உங்களோடு பேச ஆரம்பிக்கும். இந்த ஊர்களைச் சாகாமல் வைத்திருக்க வேண்டியதும் அந்தத் தண்ணீரும் மண்ணும்தான். பூசின வெள்ளையும் கட்டின காட்டேஜும் அல்ல.

ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் போங்க. கிரானடாவிலிருந்து பஸ்ஸே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்துவிட்டு, பனி உருகி வாய்க்கால் ஓடுகிற மே மாதத்தில் போங்க. பூம்பாறைக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டு சுற்றாமல், காங்கேயம், தாராபுரம், பழனி வழியாகவே போங்க. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடக்கத் தெம்பு உள்ள இளைஞர்கள் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறலாம். வெள்ளகவிக்கு வண்டிப்பாதை இல்லாமலே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஊர் முழுக்கக் கோயில் மாதிரி. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போங்கள். பூம்பாறையில் பூண்டு வாங்கினால் தாளோடு இருக்கிற, புகை வாசம் அடிக்கிற பூண்டாகப் பார்த்து வாங்குங்கள், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து கொடைக்கானல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. வீட்டிலேயே போனில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எடுக்காமல் போய்ச் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு, இந்த ஆள்தான் போகச் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லிவிடாதீங்க.